மரத்தண்டில் படரும் பாசிகளை இனங்காணல்: இராசபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மரத்தண்டின்மேல் படர்ந்திருக்கும் பசுமையைத் தமிழில் ‘பாசி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். அச்சொல்லின்கீழ் ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல உயிர்கள் அடங்கிவிடுகின்றன. இதனால் சூழலியல் சார்ந்த தமிழ்க் கட்டுரைகளிலும் வேளாண் நடைமுறையிலும் பிழையான முடிவுகள் இடம்பெறுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் அமைந்த இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களின் மலையடிவார மரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மரத்தண்டில் வளரும் மாஸ் என்னும் தாவரத்தைப் பிறவற்றினின்று பிரித்தறியும் முறையையும், அதன் வாழ்வியலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாசி, மாஸ், லைக்கன், ஈரல் தாவரம், மரப்பட்டை, செண்பகத்தோப்பு, கலைச்சொல்.

முன்னுரை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில நாட்களில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குச் செல்லும் வழியிலும், இராசபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குச் செல்லும் வழியிலும் உள்ள மாந்தோப்புகளின் நிறம் மாறிவிடுகிறது. கோடை முழுவதும் சாம்பலும் பழுப்புமாகக் கிடந்த தண்டுகள் பச்சையாகின்றன. அங்குள்ளோரிடம் இது என்னவென்று கேட்டால் ‘பாசி’ என்பர். தாவரவியல் பயின்றவரும் பெரும்பாலும் அதே விடையைத்தான் தருகிறார். விடை பிழையன்று, ஆனால் போதுமானதும் அன்று. அப்பச்சையின் ஒரு சாண் பரப்பைக் கைவில்லை கொண்டு நோக்கினால் அதனுள் மூன்று அல்லது நான்கு வேறுபட்ட உயிர்க்குழுக்கள் அடுத்தடுத்து வாழ்வதைக் காணலாம். அவற்றுள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகாதவரை, பாசி மரத்திற்குத் தீங்கு செய்யுமா, காற்றின் தூய்மையைக் காட்டுமா, எத்திசையில் வளரும் என்னும் வினாக்களுக்கு விடை கூற இயலாது.

பாசி என்னும் சொல்லின் பரப்பு

பாசி என்னும் சொல் பசுமை என்னும் பொருளடிப்படையில் பிறந்தது. நிறத்தால் பெயர் பெற்றதே அன்றி உடலமைப்பால் பெயர் பெற்றதன்று. ஆகவே குளத்துநீரின் மேற்பரப்பில் மிதப்பதும், படித்துறையில் வழுக்குவதும், சுவரில் படிவதும், மரத்தில் ஒட்டுவதும் பாசியே ஆயின.

சங்கப் பாடல்களில் இச்சொல்லின் ஆட்சி மிகத் துல்லியமானது. பரணர் பாடிய குறுந்தொகை 399ஆம் பாடலில், தலைவியின் பசலை ஊருணியின் பாசிக்கு ஒப்பிடப்படுகிறது. கை பட்டால் விலகி, கை எடுத்தால் மீண்டும் பரவுவது அவ்வுவமையின் அடிப்படை. நீரில் தளர்வாக மிதக்கும் பாசிக்கு மட்டுமே இப்பண்பு பொருந்தும். பட்டையில் பற்றிக்கொண்டிருக்கும் மாஸ் கை பட்டு விலகுவதில்லை. ஆகவே இப்பாடலின் பாசியை ‘மாஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயர்ப்பது உவமையையே குலைத்துவிடும். உரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிடும் ஆய்வாளர்கள் இதனைக் கருத்திற்கொள்ளலாம்.

இக்காலக் கலைச்சொல் வழக்கில் சிக்கல் கூடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பாசிகள்’ என்பதை ஆங்கிலத்தில் அல்கே எனப்படும் குழுவுக்கு ஒதுக்கியுள்ளன. கடற்பாசி, நீலப்பச்சைப்பாசி, சுருள்பாசி என்பன அவ்வழிப்பட்டவை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அக்குழுவை ‘அல்கா’ என ஒலிபெயர்த்து வழங்குகின்றன. இன்னொரு புறம், சமையலில் மணப்பொருளாகப் பயன்படும் ‘கல்பாசி’ அல்காவும் அன்று, மாஸும் அன்று. அது பார்மோட்ரீமா பெர்லேட்டம் முதலிய லைக்கன்கள். கல்லின் பெயரைத் தாங்கியிருப்பினும் அது மரப்பட்டையிலும் வளர்வது.

எனவே இக்கட்டுரையில் ‘மரப்பாசி’ என்னும் வழக்குச் சொல், தண்டில் படரும் அனைத்திற்கும் பொதுப்பெயராக ஆளப்படுகிறது. குறிப்பிட்ட தாவரக் குழுவைச் சுட்டும்போது பாடநூல் வழக்கைத் தழுவி ‘மாஸ்’ என்றே எழுதப்படுகிறது. தூய தமிழ்ச்சொல் ஒன்றை ஆக்கலாமே எனில், ஆக்கலாம். ஆனால் பொருள் பிரிந்து விளங்கிய பின்னரே பெயர் நிலைக்கும் என்பது கட்டுரையாளரின் கருத்து.

களம்

இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஏறத்தாழ 9.5 பாகை வட அகலாங்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை பெரும்பாலும் மலைக்கு அப்பால் கேரளத்தில் பெய்துவிடுவதால், அடிவாரச் சமவெளி மழைமறைவுப் பகுதியாகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே இங்கு முதன்மையானது. மலையேற ஏற ஈரம் மிகும். முகில் தங்கும் உயரங்களில் மரங்கள் ஆண்டின் பெரும்பகுதி நனைந்தே இருக்கும். இம்மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988இல் அறிவிக்கப்பட்டது; 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது.

மாஸ் ஆய்வு வரலாற்றில் இவ்விடம் இரண்டு முதன்மையான களங்களுக்கு நடுவே அமைகிறது. வடக்கே பழனி மலை. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ அம்மலையின் மாஸ்களைத் திரட்டி எழுதிய பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த டேனியல்ஸ், டேனியல் ஆகியோரின் நூல் 2013இல் வெளிவந்து அப்பகுதிக்கு அடிப்படை நூலாயிற்று. (செண்பகனூரும் செண்பகத்தோப்பும் ஒரே மரத்தின் பெயரால் அமைந்த வெவ்வேறு ஊர்கள், சேகரிப்புக் குறிப்புகளைப் படிப்போர் மயங்காதிருத்தல் நலம்.) நம் பகுதி மாதிரிகளை ஒப்பிட இவ்விரு நூல்களோடு, கங்குலி 1969 முதல் 1980 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட கிழக்கிந்திய மாஸ்கள் பற்றிய நூலும் இன்றியமையாதது.

தண்டில் உள்ளவற்றைப் பிரித்தறிதல்

முதலில் அல்காவை ஒதுக்கிவிடலாம். பட்டையின்மேல் வண்ணம் பூசியதுபோல் மெல்லிய படலமாகவோ தூளாகவோ இருக்கும். இலையோ தண்டோ இராது. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். எல்லா அல்காவும் பச்சையாக இருப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். செங்கல் நிறத்தில் வெல்வெட்டுத் துணிபோல் தண்டில் படரும் டிரென்டிபோலியா, வகைப்பாட்டில் பச்சை அல்காவே. கரோட்டினாய்டு நிறமிகள் அதன் பச்சையத்தை மறைத்துவிடுகின்றன. இதனைப் பூஞ்சை நோய் என்று கருதி மருந்து தெளிப்போர் உண்டு. 2001இல் மலைக்கு அப்புறம் கேரளத்தில் பெய்த செந்நிற மழைக்கு இப்பேரினத்தைச் சார்ந்த, லைக்கனில் வாழும் அல்காவின் ஸ்போர்களே காரணம் என அரசின் ஆய்வறிக்கை கூறியது.

லைக்கன் என்பது பூஞ்சையும் அல்காவும் (அல்லது நீலப்பச்சைப்பாசியும்) இணைந்து வாழும் அமைப்பு. வெளிர்சாம்பல், வெண்மை, மஞ்சள்பச்சை ஆகிய நிறங்களில் வட்டவட்டமாக விரியும். பட்டையோடு ஒன்றிய பொருக்காகவோ, ஓரம் நிமிர்ந்த மடல்களாகவோ காணப்படும். இலைகள் அடுக்கிய தண்டு அதில் இராது. வெயில் நன்கு படும் தென்னை, புளி ஆகியவற்றின் மேற்பகுதியில் தெரியும் வெண்திட்டுகள் பெரும்பாலும் லைக்கன்களே.

எஞ்சியவை ஈரல் தாவரங்களும் மாஸ்களும். இவையிரண்டிலும் உண்மையாகவே தண்டும் சிற்றிலைகளும் உண்டு. ஆகவே மயக்கம் மிகுதி. மரத்தில் வாழும் ஈரல் தாவரங்களுள் ஃப்ருல்லானியா, லெஜூனியா என்பன பரவலானவை. இவை பட்டையோடு தட்டையாக ஒட்டிக் கிளைத்துச் செல்லும். இலைகள் இரு வரிசையாகத் தண்டின் இரு புறமும் அமைய, அடிப்பக்கத்தில் மூன்றாவது வரிசையாகச் சிறிய இலைகள் இருக்கும். இலையில் நடுநரம்பு இராது. ஃப்ருல்லானியா செம்பழுப்பாகத் தோன்றும். அதன் இலையின் அடியில் தலைக்கவசம் போன்ற சிறு நீர்ப்பை தொங்கும். மாஸில் இலைகள் பொதுவாகத் தண்டைச் சுற்றிப் பல புறமும் அமைகின்றன. பலவற்றில் நடுநரம்பு உண்டு. ஸ்போர்ப் பை இருந்தால் ஐயமே இல்லை. ஈரல் தாவரத்தின் பை நிறமற்ற மென்காம்பில் சில நாட்களே நின்று நான்காகப் பிளந்து அழியும். மாஸின் பை உறுதியான காம்பில் பல வாரங்கள் நிற்கும். மூடி கழன்று வாய் திறக்கும். அவ்வாயைச் சுற்றி நுண்பற்கள் அமைந்திருக்கும்.

நீர்ச்சோதனை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கோடையில் மாஸ் சுருண்டு கறுத்து இறந்ததுபோல் கிடக்கும். அதன்மேல் சில துளி நீர் விட்டால், நாம் நோக்கியிருக்கும்போதே இலைகள் விரிந்து பசுமை பெறும். மாஸ் இலை பெரும்பாலும் ஒரே செல் தடிப்புடையது. நீரைத் தடுக்கும் மேற்பூச்சு அதில் மிகக் குறைவு. ஆகவே இலைப்பரப்பு முழுவதும் நீரை உறிஞ்சுகிறது. அவ்வாறே முழுப்பரப்பாலும் நீரை இழக்கிறது. உலர்ந்த நிலையில் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டு, நனைந்ததும் தொடரும் இவ்வியல்பே மழைமறைவுப் பகுதியில் அது வாழக் காரணம். இங்குள்ள மாஸின் ஓராண்டு வாழ்க்கை உண்மையில் நனைந்த சில வாரங்களின் கூட்டுத்தொகையே.

அடிவாரத்தில் தேடத்தக்க சில மாஸ்கள்

தென்னையின் அடித்தண்டிலும் மாமரத்திலும் வெளிர்பச்சையாய், உலர்ந்தால் ஏறத்தாழ வெள்ளையாய், மெத்தைபோல் திரண்டிருப்பது ஆக்டோபிளெபாரம் ஆல்பிடம். வெப்பமண்டலம் முழுவதும் பரவிய இத்தாவரத்தை விவரித்தவர் ஹெட்விக். அவர் இறந்தபின் 1801இல் வெளிவந்த நூலே, ஸ்பேக்னம் நீங்கலான மாஸ் பெயரீட்டிற்கு இன்றும் தொடக்கப் புள்ளி. பேரினப் பெயர் கிரேக்கத்தில் ‘எட்டு இமைமயிர்’ என்று பொருள்படும். ஸ்போர்ப் பையின் வாயிலுள்ள எட்டுப் பற்களை நோக்கி இட்ட பெயர். மாஸ் இலை ஒரு செல் தடிப்புடையது என்று மேலே கூறியதற்கு இது விதிவிலக்கு. இதன் இலை பல அடுக்குகளால் ஆனது. பச்சையமுள்ள சிறு செல்களை, உள்ளீடற்ற பெரிய செல்கள் மேலும் கீழும் போர்த்தியிருக்கின்றன. அவ்வெற்றுச் செல்கள் நீர்த்தொட்டிகள். நீர் வற்றிக் காற்று நிரம்பும்போது வெள்ளையாகத் தெரிகின்றன. இலைகள் எளிதில் ஒடியும். ஒடிந்த துண்டு புதிய தாவரமாகும்.

காலிம்பெரஸ் பேரினத்தை இலைநுனி கொண்டு அறியலாம். சில இலைகளின் நுனியில் பச்சைத் தூள் உருண்டை போன்ற ஜெம்மாத் திரள் இருக்கும். பாலிலா இனப்பெருக்கத்திற்கான இந்த ஜெம்மாக்கள் மழைத்துளி பட்டுச் சிதறித் தண்டில் கீழிறங்கி முளைக்கின்றன. இலையின் அடிப்பகுதியில் ஒளி ஊடுருவும் பெருஞ்செல்கள் சன்னல் கண்ணாடிபோல் தெரியும். பெரும்பாலான மாஸ்களில் பை முதிரும்போது அதன் தொப்பி உதிர்ந்துவிட, காலிம்பெரஸில் அத்தொப்பி உதிராமல் பையைப் போர்த்தியே நிற்கும்.

எர்போடியம் மாஞ்சிஃபெரே மாமரத்தின் பெயராலேயே வழங்கும் இனம். பட்டை வெடிப்புகளினூடே நூல்போல் ஒட்டி ஊர்வது. இலையில் நடுநரம்பு இராது. சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாவகைகளுக்குப் பெயர்பெற்ற இராசபாளையத்தின் பழந்தோப்புகளில் இதனைக் கைவில்லையோடு தேட வேண்டும். வெறுங்கண்ணால் தேடுவோர் ஈரல் தாவரம் என்று கடந்துவிடுவர். கட்டுரையாளரும் தொடக்கத்தில் அவ்வாறே கடந்ததுண்டு.

மலைமேல் ஏறினால் தோற்றம் மாறும். மேக்ரோமிட்ரியம் பட்டையில் ஊர்ந்து, நிமிர்ந்த சிறு கிளைகளை நெருக்கமாக எழுப்பும். உலர்ந்தபோது இலைகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். பையின்மேல் மடிப்புகளுடைய பெரிய தொப்பி இருக்கும். ஈரமிக்க சோலைகளில் ஃப்ளோரிபண்டேரியா முதலியவை கிளைகளிலிருந்து சரம்போல் தொங்கும். தொங்குவனவற்றில் லைக்கனும் உண்டு. இலைகளின் அடுக்கு தெரிந்தால் அது மாஸ்.

எம்மரத்தில், எப்பக்கத்தில்

பட்டையே மாஸின் நிலம். புளியின் ஆழ்ந்த வெடிப்புகள் நீரையும் தூசியையும் தேக்குகின்றன. தென்னையின் இலைவடு வளையங்கள் சிறு படிக்கட்டுகளாகி ஈரத்தை நிறுத்துகின்றன. ஓடைக்கரை நீர்மருது மரமோ நீருக்கு அருகிலேயே நின்றும், பட்டையைத் தகடுதகடாக உதிர்ப்பதால், தண்டின் மேற்பகுதியில் மாஸை நிலைக்க விடுவதில்லை. கொய்யாவும் அவ்வாறே. பட்டையின் அமிலத்தன்மையும் ஒரு காரணி. சாலையோர மரங்களில் சுண்ணச்சத்துள்ள தூசி படியும்போது பட்டையின் இயல்பு மாறி, சுவரிலும் பாறையிலும் வாழும் மாஸ்கள் மரத்தில் குடியேறுவதுண்டு.

‘மரத்தின் வடபுறத்தில் பாசி வளரும், காட்டில் வழி தவறினால் அதைக்கொண்டு திசை அறியலாம்’ என்னும் கூற்று தமிழ் நூல்களிலும் இடம்பெறுகிறது. இது வட ஐரோப்பாவின் அனுபவம். அங்கு ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கிலேயே நிற்கிறது. வடபுறம் என்றும் நிழல். 9.5 பாகை அகலாங்கில் நிலைமை வேறு. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலாக வந்து வடக்கே கடக்கிறது. ஆகஸ்டு இறுதியில்தான் திரும்பி வருகிறது. அதாவது கடுங்கோடையின் பெரும்பகுதியில் தண்டின் வடபுறமே வெயில் காய்கிறது. மறுதலையாக, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சூரியன் தெற்கே இருப்பதால், மாஸ் விழித்திருக்கும் வாரங்களில் வடபுறத்திற்கு ஓரளவு நிழலும் மழைச்சாரலும் கிடைக்கின்றன. இவ்விரண்டும் எதிரெதிராக இயங்குவதால் பொதுவிதி கூற இயலாது. இவற்றுக்கு மேல், மலைத்தொடர் மேற்கே எழுந்து நிற்பதால் அடிவாரத்தை ஒட்டிய தோப்புகளில் மாலை வெயில் முன்னதாகவே மறைந்துவிடும். மேற்குப் புறத்தின் வறட்சி அங்கே குறையும்.

களத்தில் திசையைவிட மிகுதியாகக் கருதவேண்டியது தண்டின் சாய்வு. சாய்ந்த தண்டின் மேற்புறத்தில் மழைநீர் வழிந்தோடுவதால் அங்கே மாஸ் செழிக்கும், அடிப்புறம் வறண்டிருக்கும். கிளை பிரியும் கவட்டிலிருந்து நீர் இறங்கும் தடத்தைப் பச்சைக்கோடாகவே காணலாம். எனவே திசையை மட்டும் குறித்துச் சாய்வைக் குறிக்காத கள அட்டவணையால் பயன் இல்லை.

பாசி மரத்தை உண்கிறதா

தோப்புகளில் தண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசும் வழக்கம் உண்டு. பாசி மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது என்பதே அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. மாஸைப் பொறுத்தவரை இது உண்மையன்று. மாஸிற்கு வேர் இல்லை. வேரிகள் எனப்படும் நுண்ணிழைகள் பட்டையின் இறந்த வெளியடுக்கைப் பற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. நீரும் தாதுக்களும் மழையிலிருந்தும் தூசியிலிருந்தும் இலை வழியாகவே வருகின்றன. உணவை ஒளிச்சேர்க்கையால் அதுவே ஆக்கிக்கொள்கிறது. அதே மாமரத்தில் வளரும் புல்லுருவியை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். புல்லுருவியின் உறிஞ்சு உறுப்பு கிளையின் மரக்கட்டைக்குள் புகுந்து நீரையும் சத்தையும் எடுக்கிறது. வெட்டி நீக்க வேண்டியது அதனையே. மிகவும் ஈரமான இடங்களில் தடித்த மாஸ் போர்வை பூச்சிகளுக்குப் புகலிடமாதல் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் அடிவாரத் தோப்புகளின் மெல்லிய படர்வுக்கு அவ்வாதம் பொருந்துவது அரிது. நலிந்த மரத்தில் பாசி மிகுவதைக் கண்டு பாசியால் மரம் நலிந்தது என்பர். இலை உதிர்ந்து ஒளி கூடுவதாலும், பட்டை உதிர்வது குறைவதாலும் நலிந்த மரம் பாசிக்கு இடமளிக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

காற்று மாசு பற்றிய கூற்றிலும் இதே சொல்மயக்கம் உண்டு. ‘பாசி இருந்தால் காற்று தூயது’ என்பதன் மூலம் லைக்கன் ஆய்வு. பாரிசின் லக்சம்பர்க் பூங்கா லைக்கன்களைக் கொண்டு காற்றின் நிலையை அறியலாம் என 1866இல் எழுதியவர் நைலாண்டர். மாஸைப் பயன்படுத்தும் முறை வேறு. அது ரூலிங், டைலர் ஆகியோர் சுவீடனில் 1960களின் இறுதியில் தொடங்கியது. அதில் மாஸ் இருக்கிறதா இல்லையா என்பது வினா அன்று. அதன் உடலில் சேர்ந்த ஈயம் முதலிய உலோகங்களின் அளவே வினா. அதற்கு அவர்கள் எடுத்தவை வடநாட்டுக் காட்டுத் தரையில் கம்பளமாக வளர்பவை. மரத்தண்டில் வளர்பவை அல்ல. பட்டையின் கசிவும் வழிநீரும் கலக்கும் தண்டு மாஸில் அம்முறையை அப்படியே பின்பற்றினால், காற்றிலிருந்து வந்தது எது, மரத்திலிருந்து வந்தது எது என்று பிரிக்க இயலாது. மேற்கோள் காட்டுமுன், மூலக் கட்டுரை லைக்கனைப் பேசுகிறதா மாஸைப் பேசுகிறதா என்று பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

சேகரித்தலும் பெயர்ச்சீட்டும்

காப்பகத்தினுள் எதையும் எடுக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். தொடக்கநிலை ஆய்வுக்குக் காட்டுக்குள் செல்லத் தேவையும் இல்லை. கல்லூரி வளாகம், தோப்பு, சாலையோர மரம் ஆகியவை போதும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, நீர்க்குப்பி, மழுங்கிய கத்தி, தாள் உறைகள் ஆகியன கருவிகள். நெகிழிப்பையில் இட்டால் பூஞ்சணம் பிடிக்கும். திரள் முழுவதையும் பெயர்க்காமல் விரல்நுனி அளவே எடுத்து, நிழலில் உலர்த்தித் தாளுறையில் மடித்து வைத்தால் மாதிரி பல்லாண்டுகள் கெடாது. பின்னர் நீர் விட்டால் இலைகள் மீண்டும் விரியும். இலை வடிவம், செல் அமைப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் அப்போது காணலாம். சிற்றினம் வரை துணிவதற்கு நுண்ணோக்கி கட்டாயம்; ஒளிப்படம் மட்டும் போதாது.

உறையின்மேல் எழுதும் சீட்டில் தாவரத்தின் பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் மரத்தின் பெயர், தண்டின் சுற்றளவு, தரையிலிருந்து உயரம், திசை, சாய்வு, நிழல், நாள், ஊர் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். மரத்தின் ஊர்ப்பெயரைச் சொல்வோர் சொன்னபடியே தமிழில் எழுதுவது நலம். ‘மா’ என்று மட்டும் எழுதாமல் ‘சப்பட்டை மா, ஒட்டு அன்று, கொட்டை முளைத்த பழமரம்’ என்று தோப்புக்காரர் கூறுவதைச் சேர்த்து எழுதினால், பட்டையின் வயதும் அதிலேயே பதிவாகிவிடும். சாலை விரிவாக்கத்தில் அம்மரம் நாளை இல்லாமற்போனாலும், அதன்மேல் என்ன வளர்ந்திருந்தது என்பதற்கு அச்சீட்டே சான்று.